டைப் 1 மகளுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: செய்தியில் வருவதும் கிளினிக்கில் சொல்வதும் ஒன்றுதானா?

தேடும்அம்மா:

வணக்கம். மகளுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஊசி, சென்சார், நடுராத்திரி அலாரம் எல்லாவற்றுக்கும் வீடு ஒருவழியாகப் பழகிவிட்டது. இப்போது புதுக் குழப்பம். 2025 ஜூனில் வந்த ஒரு செய்தியை உறவினர்கள் ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்: ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கிய செல்களை ஏற்றியதில் டைப் 1 உள்ள 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலினே தேவைப்படவில்லை என்று. தேடிப் பார்த்தேன், புரளி இல்லை, பெரிய மருத்துவ இதழில் வந்த ஆய்வுதான்.

இதைப் படித்த கையோடு கணவர் ஒரு ஸ்டெம் செல் கிளினிக்கில் விசாரித்துவிட்டு வந்தார். வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் எடுப்பார்களாம், அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து ட்ரிப்ஸில் ஏற்றுவார்களாம், இப்படிச் சில தடவை செய்தால் கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்குமாம். சொந்த செல் என்பதால் பக்கவிளைவுக்கே இடமில்லையாம். செய்தியில் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையையே பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சர்வதேசத் தளத்தில் எங்களுக்கு ட்ரையல் எண் இருக்கிறது என்றும் காட்டினார்களாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இவர்கள் செய்வதும் அந்த ஆய்வும் ஒன்றா? இல்லையென்றால், அந்த அசல் சிகிச்சையில் மகளைச் சேர்க்க வழி உண்டா? "டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். கேட்டாயிற்று, "அதெல்லாம் வேண்டாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஏன் வேண்டாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்குக் காரணம் வேண்டும்.

பெட்ரித்தட்டு:

ஒன்று இல்லை, கிட்டத்தில்கூட வராது. நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்பவன், டாக்டர் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியில் வந்த சிகிச்சையின் பெயர் ஸிமிஸ்லெசெல், வெர்டெக்ஸ் என்ற நிறுவனத்துடையது. அதில் நோயாளியின் உடம்புக்குள் போவது ஸ்டெம் செல்லே கிடையாது. எந்த செல்லாகவும் மாறக்கூடிய ஒரு ஸ்டெம் செல்லை ஆய்வகத்திலேயே படிப்படியாக வழிநடத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் இருக்கின்றனவே, அவையாக முழுக்க மாற்றிய பிறகுதான் ஏற்றுகிறார்கள். இந்த வழியைக் கண்டுபிடித்தது ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டனின் குழு. அவர் அதற்கு முன் தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1990களின் தொடக்கத்தில் கைக்குழந்தையாக இருந்த தன் மகனுக்கு டைப் 1 வந்ததும் மொத்த ஆய்வகத்தையும் இந்தப் பக்கம் திருப்பினார். பிற்பாடு மகளுக்கும் வந்தது. அப்படியும் சர்க்கரையின் அளவைப் பார்த்து இன்சுலின் சுரக்கும் செல்லை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்ய முடிந்தது 2014இல்தான். முதல் நோயாளிக்கு ஏற்றியது 2021இல். எந்த நாளில் எந்த வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும், எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதற்கே அவ்வளவு உழைப்பு, ஒரு மாதத்துக்கு மேல் நீளும் செய்முறை அது. மாறாமல் மிச்சம் நிற்கும் ஸ்டெம் செல் கட்டியாக வளரக்கூடும் என்பதால் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு ஆளுக்கு ஏற்றிய முழு அளவு சுமார் 80 கோடி செல்கள், கல்லீரலுக்குப் போகும் சிரை வழியாக.

இப்போது கிளினிக் விஷயத்துக்கு வருவோம். கொழுப்பிலிருந்து கிடைக்கும் செல்கள் வேறு ரகம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு இந்தப் பக்கம் அவற்றை ஆய்வகத்தில் திருப்பலாம். ட்ரிப்ஸில் ஏற்றினால் உடம்புக்குள் போய்த் தானாகவே இன்சுலின் சுரக்கும் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஏற்றியதில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டிக்கொள்ளும், கொஞ்ச நாளில் செத்தும் போகும். கணையம் வரைக்கும் போய்ச் சேர்வதே அபூர்வம்.

சரி, ஏதோ மாயத்தில் கணையத்துக்குப் போய், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லாகவும் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நிற்காது. டைப் 1இல் செல் தேய்ந்து போவதில்லை, உங்கள் மகளின் நோய் எதிர்ப்பு மண்டலமே அவற்றைத் தேடிப் போய் அழிக்கிறது. அழித்த படை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இதற்கு மறுக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லாந்தின் குழு ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடையே கணையத்தின் ஒரு பகுதியை மாற்றிப் பொருத்தியது. மரபணு ஒன்றே என்பதால் உடம்பு நிராகரிக்காது, எதிர்ப்பை அடக்கும் மருந்தே வேண்டாம் என்று எண்ணினார்கள். உறுப்பை உடம்பு நிராகரிக்கவில்லைதான். ஆனால் அதிலிருந்த பீட்டா செல்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழித்துவிட்டது, சர்க்கரை நோய் திரும்பி வந்தது. பிறகு வந்த இரட்டையர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. "சொந்த செல் என்பதால் பிரச்சினை இல்லை" என்று கணவரிடம் சொன்னவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ட்ரையல் எண் பற்றி. பதிவுத் தளத்தில் ஒரு எண் இருந்தால், யாரோ விவரங்களை நிரப்பிப் பதிந்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், அதை யாரும் சோதித்து ஒப்புதல் கொடுத்தார்கள் என்று ஆகாது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு அறிக்கையைத் தேடிப் படியுங்கள். விழித்திரைத் தேய்வு இருந்த 3 பெண்களுக்கு அமெரிக்காவில் ஒரு கிளினிக், அவர்களுடைய கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டது. மூவருக்கும் பார்வை பெருமளவு போய்விட்டது. பதிவுத் தளத்தில் பார்த்து ஆராய்ச்சி என்று நம்பிப் போனவரும் அவர்களில் உண்டு, பணமும் அவர்களே கட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் முழுக் கட்டணம் கேட்டால் அங்கேயே ஒரு சந்தேகம் வரவேண்டும்.

இதனால் இந்தத் துறையே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று ஸ்டெம் செல் சிகிச்சைதான், அதற்காக 1990இல் டொன்னல் தாமஸுக்கு நோபல் கொடுத்தார்கள், ரத்தப் புற்றில் அது உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. 2015இல் ஜெர்மனியில் தோல் உரிந்துகொண்டே போகும் மரபணு நோய் வந்த 7 வயதுப் பையனுக்கு, அவனுடைய தோல் செல்லையே எடுத்து மரபணுவைத் திருத்தி வளர்த்து, உடம்பின் 80 சதவீதத் தோலைப் புதிதாகப் போர்த்தினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வு அதுதான். அங்கெல்லாம் எந்த செல், எதற்கு, எங்கே போய் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. இதே ட்ரிப்ஸை முழங்காலுக்கும் பக்கவாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் சேர்த்து விற்கிற இடத்தில் அந்தப் பதில் கிடைக்காது.

எலும்புக்கூடு:

முழங்கால் என்றதும் ஒரு சின்னக் குறிப்பு, பேச்சு திசை மாறினால் மன்னிக்கவும். மூட்டுத் தேய்மானத்துக்கு மஜ்ஜைச் செல், கொழுப்புச் செல், தொப்புள்கொடிச் செல் மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2023இல் நேச்சர் மெடிசினில் வந்தது. ஒரு வருஷம் கழித்து வலியில் எதுவும் ஸ்டீராய்டை முந்தவில்லை. ஆபத்து ஒன்றும் பெரிதாக இல்லை, பலனும் கூடுதலாக இல்லை. விளம்பரங்களில் இதை யாரும் சொல்லக் காணோம்.

பழைய_டைப்ஒன்:

சகோதரி, நான் சின்ன வயதிலிருந்தே டைப் 1. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

அந்த ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். அதிலும் எல்லோரையும் இல்லை. சர்க்கரை இறங்குவதே உடம்புக்குத் தெரியாமல் போய், திடீரென்று மயங்கி விழுகிற அளவுக்கு லோ ஆகிறவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நெடுநாள் டைப் 1 உள்ள சிலருக்கு அப்படி ஆகும். வியர்க்காது, கை நடுங்காது, நேரே நினைவு தப்பும். வண்டி ஓட்ட முடியாது, தனியாகத் தூங்கப் பயம். இன்சுலினே அவர்களுக்கு ஆபத்தாகிவிட்ட நிலை அது. அந்த 12 பேரில் ஒருவருக்கும் மூன்று மாதத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட மோசமான லோ வரவில்லை. என்னைக் கேட்டால் "10 பேர் இன்சுலினை விட்டார்கள்" என்பதைவிடப் பெரிய செய்தி இதுதான், தலைப்பில் போட ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. 2000இல் கனடாவின் எட்மன்டனிலிருந்து இதே மாதிரி செய்தி வந்தது. இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளை ஏற்றி, 7 பேருக்கு 7 பேரும் இன்சுலினை விட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது, அடுத்த பிறந்தநாளுக்குள் எனக்குக் குணமாகிவிடும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் கழித்து வந்த கணக்கில், அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் இன்சுலின் இல்லாமல் நீடித்தவர்கள் 10 சதவீதம் வாக்கில்தான். பலருக்கு ஏற்றிய செல் கொஞ்சம் உயிரோடு இருந்தது, லோவும் குறைந்தது, அது சின்னப் பலன் இல்லை, ஆனால் ஊசி திரும்பிவிட்டது. ஒருவருக்கே இரண்டு மூன்று பேரின் கணையம் வேறு தேவைப்பட்டது. புதுசில் அந்தத் தட்டுப்பாடு இல்லை, ஆய்வகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கலாம், அது பெரிய முன்னேற்றம்தான். எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கு வருஷங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், 11 வயதுக் குழந்தைக்கு அதை ஏன் கொடுப்பதில்லை என்பதற்கு நிஜக் காரணம் செல் அல்ல, கூடவே சாப்பிட வேண்டிய மாத்திரைகள். அதைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு.

மூன்றாவது_கிட்னி:

என்னைத்தான் கூப்பிடுகிறார் போல. மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவன் நான். (பழசு இரண்டையும் உள்ளேயே விட்டுவிடுவார்கள், அதனால்தான் இந்தப் பெயர்.)

எதிர்ப்பை அடக்கும் மருந்து என்றால் பேப்பரில் ஒரு வரி. வாழ்க்கையில் அது காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை, கடிகாரம் பார்த்து, ஆயுசு முழுக்க. நான் சாப்பிடுவதில் முக்கியமானது டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உறுப்பு போய்விடும், கூடினால் கை நடுங்கும், சிறுநீரகமே கெடும். ஆமாம், சிறுநீரகத்தைக் காப்பாற்றச் சாப்பிடும் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இன்னொரு வேடிக்கை, அது பீட்டா செல்லையும் பாதிக்கும், உறுப்பு மாற்றிய பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் வருகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறையப் பேர். மற்றவர்களுக்குச் சளி என்று போகிறது எனக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையாக முடியலாம். தோல் புற்றுக்கான வாய்ப்பு கூடும், உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள முடியாது. வளர்கிற குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதெல்லாம் லாபம்தான், மாற்று வழி டயாலிசிஸ். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கும் லாபமாக இருக்கலாம், எந்த ராத்திரி எழுந்திருக்காமல் போவோம் என்று பயந்துகொண்டு இருந்தவர்கள் அவர்கள். ஆனால் நீங்கள் அனுப்பப்பட்டதாகச் சொன்ன செய்தியில் இது இருந்ததா என்று பாருங்கள்: அந்த ஆய்வில் 2 பேர் இறந்தும் போனார்கள். ஒருவருக்கு முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியது. மற்றவருக்குப் பூஞ்சை மூளைக்காய்ச்சல். ஏற்றிய செல்லால் வந்தது அல்ல என்று எழுதியிருக்கிறார்கள், சரி, ஆனால் அந்தக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் எதிர்ப்பு சக்தி அடங்கிய உடம்பைத்தான் தேடி வரும், எங்கள் டாக்டர்கள் எங்களை எச்சரிக்கும் பட்டியலில் அதுவும் உண்டு. நன்றாக ஓடி ஆடிக்கொண்டு, இன்சுலின் போட்டால் சரியாக இருக்கிற குழந்தைக்கு இந்தப் பண்டமாற்று கட்டுப்படியாகாது.

எதிர்க்கேள்வி:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன்.

2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பிரேசிலிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. சொந்த ஸ்டெம் செல்தான், டைப் 1தான், 15 பேரில் 14 பேர் இன்சுலினை விட்டார்கள். 2024இல் சீனாவில் 25 வயதுப் பெண், அவருடைய சொந்த செல்லிலிருந்தே செய்தது, இரண்டரை மாதத்தில் இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு வருஷம் தாண்டியும் தேவைப்படவில்லை. அப்படியிருக்க "சொந்த செல் பலிக்காது" என்று பெட்ரித்தட்டு எப்படி அடித்துச் சொல்கிறார்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையனுக்கு நோய் தெரிந்த சில வாரங்களில் இப்படி ஒரு கிளினிக்கில் செய்தார்கள், இன்சுலின் கால்வாசியாகக் குறைந்தது. கண்ணால் பார்த்தேன். மருந்து கம்பெனி விற்றால் அறிவியல், சின்ன கிளினிக் செய்தால் மோசடி என்றால் எப்படி?

பெட்ரித்தட்டு:

நல்ல கேள்வி, இந்த இரண்டு ஆய்வையும்தான் கிளினிக்குகளும் காட்டும். அதனால் பிரித்தே பார்ப்போம்.

பிரேசில் ஆய்வில் சர்க்கரையைச் சரிசெய்தது ஸ்டெம் செல் இல்லை. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து உறையவைத்துவிட்டு, சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தையும் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களை ஒழிக்கும் இன்னொரு மருந்தையும் கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தையே ஏறக்குறைய துடைத்தெடுத்தார்கள். ஸ்டெம் செல்லைத் திருப்பிக் கொடுத்தது அந்த அடியிலிருந்து ரத்தம் மீண்டு வருவதற்காக. தாக்கும் படை போனதால், நோயின் தொடக்கத்தில் மிச்சமிருந்த பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தழைத்தன. நோய் தெரிந்து ஆறு வாரத்துக்குள் இருந்தவர்களையே அதனால்தான் சேர்த்தார்கள். நிமோனியா வந்தது, ஆண்கள் சிலருக்கு விந்தணு எண்ணிக்கை விழுந்தது, காலப்போக்கில் பலருக்கு இன்சுலின் திரும்பவும் தேவைப்பட்டது. கொழுப்பு செல் ட்ரிப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீனப் பெண்ணின் கதை உண்மையிலேயே அழகான வேலை, பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹோங்குய் குழு. கொழுப்பில் இருந்த செல்லை வேதிப்பொருள்களால் முதலில் ஆதி நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இன்சுலின் திட்டாக வளர்த்து வயிற்றுத் தசையின் உறைக்கு அடியில் வைத்தார்கள். கவனியுங்கள், கொழுப்பிலிருந்து தொடங்கினாலும் வழியில் நடந்ததுதான் சிகிச்சை, அந்த வழியை எந்தக் கிளினிக்கின் பின்னறையிலும் ஒரு மத்தியானத்தில் நடந்துவிட முடியாது. இன்னொன்று, அவருக்கு முன்பே கல்லீரல் மாற்று நடந்திருந்தது, அதனால் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் ஏற்கனவே இருந்தார். மருந்து இல்லாமல் அந்தச் செல்கள் தாக்குப்பிடித்திருக்குமா என்பது அவரை வைத்துச் சொல்ல முடியாத விஷயம். மின்னசோட்டா இரட்டையர்களை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பையன் விஷயம். டைப் 1 தெரிந்து இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்து மறுபடி சுரக்கத் தொடங்கும். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தேவை சடாரென்று குறையும், சிலருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் வரைக்கும். தேனிலவுக் காலம் என்பார்கள், மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். அந்தச் சமயத்தில் எதைச் செய்தாலும், மந்திரித்த கயிறு கட்டினாலும், பலித்தது போலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒப்பீட்டுக் குழு வைப்பது. கிளினிக் வைப்பதில்லை. அந்த இரண்டு தரப்புக்கும் உள்ள வித்தியாசம் அளவில் இல்லை, கம்பெனி தன் சிகிச்சையில் இருவர் இறந்ததையும் எழுதி வெளியிட வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் சிகிச்சை பெற்ற எத்தனை பேருக்கு என்ன ஆனது என்ற கணக்கைக் கேட்டுப் பாருங்கள், வீடியோதான் காட்டுவார்கள்.

சகோதரிக்கு: மாத்திரை இல்லாமல் செல்லைக் காப்பாற்றும் வழி வருமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய செய்தி. இரண்டு பாதை. ஒன்று, செல்களை ஒரு உறைக்குள் வைப்பது, கொசுவலை மாதிரி, சர்க்கரையும் இன்சுலினும் போய்வரலாம், எதிர்ப்பு செல்கள் நுழைய முடியாது. கேட்க எளிது, ஆனால் உறையைச் சுற்றித் தழும்புத் திசு மூடிக்கொண்டு உள்ளே ஆக்ஸிஜன் போவதில்லை. வெர்டெக்ஸே இப்படி ஒன்றைச் செய்துபார்த்து, போதுமான இன்சுலின் சுரக்கவில்லை என்று 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இரண்டாவது, செல்லின் மரபணுவையே திருத்தி எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் செய்வது. அந்நியன் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை எடுத்துவிட்டு, 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் சிடி47 என்ற புரதத்தைக் கூட்டிவைப்பார்கள். சானா என்ற நிறுவனமும் ஸ்வீடனின் உப்சாலா மருத்துவமனையும் சேர்ந்து ஒருவரின் முன்கைத் தசையில் இப்படித் திருத்திய கொடையாளர் செல்களை வைத்தார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து துளியும் கொடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த அறிக்கைப்படி, 12 வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இன்சுலின் சுரந்துகொண்டிருந்தன. கொடுத்தது சிறிய அளவு, பாதுகாப்பைப் பார்க்க மட்டும், அவர் இன்சுலினை விடவில்லை. ஒரே ஒரு ஆள்தான். ஆனாலும் அந்த அறிக்கையைப் படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை. 12க்கு 10ஐவிட எனக்கு இந்த ஒன்று பெரிது. ஒரே கவலை, எதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியாத செல் பிறகு புற்றாக மாறினால் யார் பிடிப்பது? அதற்கும் பதில் வேண்டும், வந்த பிறகே குழந்தைகள் பக்கம் போவார்கள்.

எதிர்க்கேள்வி:

தேனிலவுக் கணக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கண்ணில் பட்டதை எழுதினேன். ஆனால் கிளினிக்குக்குப் போகிறவர்களை முட்டாள் என்பது போல எழுதாதீர்கள். அசல் சிகிச்சை பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் ஆய்வில் மட்டும் என்றால், கதவு திறந்திருக்கிற இடத்துக்குத்தான் ஆள் போவான்.

மூன்றாவது_கிட்னி:

அது நியாயம். பெற்றவர்களைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்களைத்தான் சொல்கிறோம்.

தேடும்அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். இரட்டையர் விஷயத்தில் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். தேனிலவு என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், மகளுக்கும் இப்போது இன்சுலின் குறைந்துதான் இருக்கிறது. கிளினிக்கில் அடுத்த மாதத் தேதி கேட்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு விஷயம் மிச்சம். தேவை குறைந்துகொண்டே வருகிறதே, இன்சுலினை நிறுத்திப் பார்க்கலாமா என்று மாமியார் கேட்கிறார். இன்னொன்று, எங்களுக்கு ஒரு சின்னப் பையனும் இருக்கிறான். அவனுக்கும் வருமா என்று இப்போதே தெரிந்துகொள்ள முடியுமா? தெரிந்தால் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை பயம்தான் மிஞ்சுமா?

பழைய_டைப்ஒன்:

நிறுத்தவே கூடாது. குறைக்கலாம், அதையும் சென்சாரில் வரும் எண்களை வைத்து டாக்டர் சொல்லும் அளவுக்கு. தேனிலவு முடிவது யாரிடமும் சொல்லிக்கொண்டு முடியாது, ஒரு காய்ச்சல் போதும். இன்சுலின் இல்லாமல் அப்படி மாட்டினால் ரத்தம் அமிலமாகிக் கீட்டோ அசிடோசிஸில் கொண்டுபோய்விடும், குழந்தைகளுக்கு அது மணிக்கணக்கில் முற்றும். சின்ன அளவு இன்சுலின் உள்ளே போய்க்கொண்டே இருப்பது மிச்ச செல்களுக்கும் நல்லது என்றுதான் என் டாக்டர் சொல்வார். மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள்.

பையன் விஷயத்தில் நல்ல பதில் இருக்கிறது. கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் 100 பேரில் 5 பேர் வாக்கில், மீதிப் பேருக்கு வருவதில்லை. ரத்தத்தில் நான்கு எதிர்ப்புப் பொருள்களை (ஆன்டிபாடி) பார்ப்பார்கள்: இன்சுலினுக்கு எதிரானது, பீட்டா செல்லில் உள்ள ஜிஏடி, ஐஏ-2, ஸிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்ற புரதங்களுக்கு எதிரானவை. எதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு நிம்மதி, சின்ன வயது என்பதால் சில வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஒன்று மட்டும் இருந்தால் கண்காணிப்பு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை ஏறாவிட்டாலும் நோய் உள்ளே தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்டீர்கள். மயக்கத்தில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தெரிந்துகொள்வதைவிட முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது, ஜெர்மனியின் பவேரியாவில் குழந்தைகளைப் பெரிய அளவில் பரிசோதித்ததில் இது தெளிவாகத் தெரிந்தது. மருந்தும் ஒன்று இருக்கிறது, டெப்லிஸுமாப். 14 நாள் தொடர்ந்து ட்ரிப்ஸில் ஏற்றுவது. இரண்டோ அதற்கு மேலோ எதிர்ப்புப் பொருள் இருந்து சர்க்கரையும் லேசாகத் தடுமாறத் தொடங்கியவர்களில் 76 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் வெளிப்படுவது சராசரியாக இரண்டு வருஷம் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா 8 வயதுக்கு மேல் ஒப்புதல் கொடுத்தது. உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று டாக்டரைக் கேளுங்கள் (இந்தத் தடவை "டாக்டரைக் கேளுங்கள்" என்பதற்குக் கோபிக்காதீர்கள்). பையனுக்கு அந்த வயது ஆகவில்லையென்றால் முதலில் ரத்தப் பரிசோதனை மட்டும் போதும். மகளுக்கு அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.